வரப்பை அளக்காமல் வாங்கிய வண்டி

கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிற ஒத்தைச் சக்கர வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டால் என்ன என்று போன வாரம் கேட்டீர்கள். நான் எழுந்து போய்விட்டேன். வாயால் சொல்ல வராது. எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் மழை ஏமாற்றிவிட்டது. நம்முடைய ஒண்ணரை ஏக்கரில் சீமைக்கருவேல்தான் மண்டிக் கிடந்தது. நானும் உங்கள் அம்மாவும் அதை வெட்டி, தூரைத் தோண்டிப் பிளந்து, சாக்கில் கட்டி, காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு அடுப்பெரிக்கப் போட்டோம். வயலிலிருந்து வண்டிப்பாதை வரைக்கும் ஒரே ஒரு வரப்பு. அதில் நான் ஒரு சாக்கு, அம்மா ஒரு சாக்கு என்று சும்மாடு வைத்துச் சுமப்போம். அப்போது அம்மாவுக்கு நாலு மாசம். அதனால்தான் வண்டி வாங்குவதென்று முடிவெடுத்தோம்.

காரைக்குடியில் பழைய சாமான் கடையில் இரண்டு வண்டி இருந்தது. ஒன்று, ரோட்டு வேலையில் சல்லி தள்ளுகிற ஒத்தைச் சக்கர வண்டி. இன்னொன்று, டயர் போட்ட இரட்டைச் சக்கரக் கைவண்டி. அம்மா ஒத்தைச் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்து நாலடி தள்ளிப் பார்த்தாள்.

“ஏங்க, இதுதான் வரப்புல போகும்.”

“இதைத் தள்ளிக்கிட்டு ஊருக்குள்ள போனா வெள்ளாமை பாக்குற சம்சாரின்னு எவன் மதிப்பான்? சல்லி வேலைக்கா போறோம்?”

“மேஸ்திரியம்மா சொல்றாகள்ல, கேட்டுக்கங்கண்ணே!” என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

“வரப்பை அளந்தீகளா?” என்று மட்டும் கேட்டாள் அம்மா.

நான் அளக்கவில்லை. எதில் அதிகம் சாக்கு ஏறும் என்றுதான் பார்த்தேன். இரட்டைச் சக்கரத்தை வாங்கினேன்.

வண்டிப்பாதையில் அது அருமையாக ஓடியது. வரப்பில் ஒரு சக்கரம் ஏறினால் மற்றது அந்தரத்தில் தொங்கியது. ஆக, வண்டி நிற்கிற இடம் வரைக்கும் பழையபடி தலைச்சுமைதான்.

“அரைச் சாக்காத் தூக்கு” என்றேன். எனக்கு அதுவே பெரிய கரிசனமாகத் தெரிந்தது. அரைச் சாக்கென்றால் நடை இரண்டு மடங்கு, அது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் வரப்பின் நடுவில் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாக்கு சரிந்தது.

“கட்டையெல்லாம் சிதறிருச்சுங்க” என்றாள்.

ஓடி வந்து நான் முதலில் கட்டையைத்தான் பொறுக்கினேன். சாக்கின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகளா, இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வண்டியிலேயே வெறுஞ்சாக்கை விரித்துப் படுக்கவைத்து ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். உங்களுக்கு மூத்தது தங்கவில்லை.

அடுத்த மாதம் அதே கடைக்குப் போய் வண்டியை மாற்றினேன்.

“என்னண்ணே, மேஸ்திரியம்மா ஜெயிச்சுட்டாகளா?” என்றார் கடைக்காரர். அவருக்கு என்ன தெரியும், பாவம். ஆமாம் என்றேன்.

இரண்டு சாக்கு ஏற்றி வரப்பில் தள்ளினேன். எங்கும் முட்டாமல், சரியாமல் போனது. அம்மா வயலோரத்தில் உட்கார்ந்து கிழிந்த சாக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“போகுதா?”

“போகுது.”

“ம்” என்றாள். பிறகு சாக்கின் மேல் குனிந்துகொண்டாள்.