வலதுபக்கச் சறுக்கு

எங்கள் ஊர்க் குன்றை மலை என்று சொன்னால் கழுகுமலைக்காரர்கள் சிரிப்பார்கள். பருத்திக் காட்டுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் நடுவே கிடந்த ஒற்றைப் பாறை அது. பத்து நிமிஷத்தில் உச்சிக்குப் போய்விடலாம். உரச்சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சறுக்கினால், அரை நிமிஷத்தில் கீழே.

அப்பாவின் தங்கையும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவோம். அத்தைக்குத் தீப்பெட்டி கம்பெனி ஆபீசில் வேலை; ஆறு நாளும் போன் அடித்துக்கொண்டே இருக்கும். குன்றில் யாரும் இருக்கமாட்டார்கள். ஏறுவோம், சறுக்குவோம், மறுபடி ஏறுவோம். அதிகம் பேசிக்கொள்ளவும் மாட்டோம். எங்கே உடம்பைச் சாய்க்க வேண்டும், எங்கே குதிகாலை ஊன்ற வேண்டும் என்பதெல்லாம் இருவருக்கும் மனப்பாடம். அடிவாரத்து மணலில் மல்லாந்து கிடந்தால் தூரத்தில் காற்றாலைகள் சுற்றுவது தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒருநாள் முடிந்துபோகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஐப்பசி மழை வெறித்திருந்த ஒரு நாள் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. குன்றை ஒட்டியிருந்த முருகன் கோயில்தான் அது. மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், பனிமலையில் வேலை. அவருடைய அம்மா செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். காலில் நீளமான பட்டைகளைக் கட்டிக்கொண்டு, வெள்ளைவெளேரென்ற மலையில் மாப்பிள்ளை வளைந்து வளைந்து சறுக்கி வந்தார். அத்தை அதை இரண்டாம் தடவை போடச் சொன்னாள். நான் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ரெண்டு பேரும் ஒரு எட்டு நடந்து பேசிட்டு வாங்க. ஏட்டி, நீயும் கூடப் போ” என்றாள் அம்மா.

குன்றின் மேலே போனதும் அத்தை எங்கள் ரகசியத்தைப் போட்டு உடைத்தாள். “இங்கனதான் நாங்க சாக்குல உக்காந்து சறுக்குவோம். உங்க மலைக்கு முன்னால இதெல்லாம் ஒரு மலையா?”

“அங்கன உத்தரவு வந்தாத்தான் சறுக்க முடியும்” என்றார் அவர். “விசில் அடிச்சா போவணும், விசில் அடிச்சா நிக்கணும். தோணுனப்ப ஏறி, தோணுனப்ப இறங்க எங்க வாய்க்குது?” சரிவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். “மருமவளே, சாக்கை எங்கன வச்சிருக்கிய?”

பாறை இடுக்கில் ஒளித்திருந்த சாக்கை எடுத்துக் கொடுத்தேன். இடதுபக்கச் சறுக்கு மணலில் முடியும். வலதுபக்கம் மழைநீர் கசிந்து பாசி பிடித்திருந்தது. அது முடிகிற இடத்தில் முழங்கால் அளவுக்குக் கரிசல் சகதி.

“வலதுபக்கம் போங்க மாமா” என்றேன். அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா அந்தச் சகதி? ஆனாலும் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவருக்கு வழிவிட்டாள்.

பனிமலைக்காரர் பாதி வழியிலேயே சாக்கைத் தவறவிட்டார். பம்பரமாகச் சுற்றிக்கொண்டு போய், வெள்ளைச் சட்டையோடு சகதிக்குள் தொப்பென்று விழுந்தார். மீசைவரைக்கும் கரிசல். கோயிலிலிருந்து அவர் அம்மா பதறி ஓடிவந்தார். “ஏலே, என்னலே இது கோலம்?”

அவர் கண்ணிலிருந்த சேற்றை வழித்துவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார். “மருமவளே, இன்னொரு தடவை வாரேன். இந்தத் தடவை வழியை அத்தை சொல்லட்டும்!”

அத்தை பட்டுச்சேலையோடு பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்தினாள், அப்புறம் பொத்தவும் முடியாமல் சிரித்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் மடியில் சாய்ந்துகொண்டேன். பெரியவர்கள் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார்கள், எதுவும் என் காதில் ஏறவில்லை. இத்தனை பேர் முன்னால் சகதியில் விழுந்தவரை இனி யாருக்குப் பிடிக்கும்? அத்தை எங்கேயும் போகப்போவதில்லை. அவள் இன்னமும் தனக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளும் என் கட்சி என்றே நினைத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.