சிவப்புத் துணி கட்டிய கழிகள்

கேலண்டரில் கிழித்த ஏப்ரல் தாளைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் பத்து வரி எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தான் இளவரசு. ஒரு வரிக்கு ஒரு நாள். அவன் மகள் கயல்விழி தகப்பனோடு இருக்கக் கோர்ட்டு கொடுத்த பத்து நாள் அது.

சிதம்பரத்துக்கு மேற்கே முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது செம்மேட்டு ஏரி. இளவரசு அங்கே லஸ்கர். மதகைத் திறப்பதும் மூடுவதும், மழைக்காலத்தில் கரை உடையாமல் காவல் இருப்பதும் அவன் வேலை. கோடையில் ஏரி வற்றிவிட்டால் வேறொரு வேலை வரும். விவசாயிகள் வயலுக்கு அடிக்க இலவசமாய் வண்டல் அள்ளிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்ததும் டிராக்டர்கள் ஏரிக்குள் இறங்கும். ஜேசிபி தோண்டிய ஒவ்வொரு குழிக்கும் நாலு மூலையில் சவுக்குக் கழி நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டுவான். நாளைக்குத் தண்ணீர் வந்து குழியை மூடிவிட்டால், அந்தத் துணியைப் பார்த்துத்தான் ஆடு மாடும் மனுஷரும் விலகிப் போக வேண்டும். பதினெட்டு வருஷமாக அந்தக் கழிகளை நட்டவன் அவன்தான்.

அவன் மனைவி பவானி கடலூர்க்காரி. மூன்று வருஷமாகத் தாய்வீட்டில் இருக்கிறாள். மகள் அவளோடு வளர்கிறாள். வழக்கு நடந்து, கோடை லீவில் பத்து நாள் மட்டும் பிள்ளையைத் தகப்பனிடம் அனுப்பிப் பார்க்கலாம் என்றார் நீதிபதி. ஜூன் மாதம் பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்பேன், வருஷா வருஷம் போக இஷ்டமா இல்லையா என்று அவளே சொல்லட்டும், அதன்படி உத்தரவு போடுகிறேன் என்றும் சொல்லியிருந்தார். பதினோரு வயசுப் பிள்ளையின் ஒரு வார்த்தையில் இளவரசுவின் மிச்ச ஆயுள் தொங்கிக்கொண்டிருந்தது.

பவானியின் அண்ணன் அருள்முருகன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறவன். அலமாரியில் ஒட்டியிருந்த தாளை மெதுவாகப் படித்தான்.

"என்ன மாப்ள, வடலூரு, பிச்சாவரம், பலாத்தோப்பு... எல்லாம் ஓசி புரோகிராமா இருக்கு?"

"பத்து நாளும் நான் கூடவே இருக்கேன் மச்சான். அதுக்கு எந்த ஊர்லயும் டிக்கெட்டு கெடைக்காது" என்றான் இளவரசு. சொல்லிவிட்டானே தவிர, கார் போன பிறகு அந்தத் தாளை இன்னொரு தரம் படித்துப் பார்த்தபோது அவனுக்கே அது ஒரு ஏழையின் தாளாகத் தெரிந்தது.

முதல் நாள் ஏரிக்கரையில் நடந்தார்கள். வற்றிய ஏரியின் நடுவே குட்டையாய்த் தேங்கிய தண்ணீரில் நாரைகள் நின்றன. கயல்விழி மரியாதைக்குப் பார்த்தாள். இரண்டாம் நாள் வடலூர். டவுன் பஸ்ஸில் அவளுக்கு இலவச டிக்கெட். "மகாராணிக்கு ஓசி, அப்பனுக்கு மட்டும்தான் காசா?" என்று கண்டக்டர் கேட்டதும்தான் பிள்ளை முதல் தடவையாகச் சிரித்தாள். சத்திய ஞான சபையில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யார் வந்தாலும் சோறு போடுவார்களா, யார் என்று கேட்கவே மாட்டார்களா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். கேட்கவே மாட்டார்கள் என்றான். அன்று தகப்பனின் தோளில் சாய்ந்து பஸ்ஸில் தூங்கினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் இளவரசு அசையவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே நடந்து வந்தான்.

பிச்சாவரத்தில்தான் சறுக்கியது. படகுக்கு ஆகும் செலவு அவன் கணக்கில் இல்லை. பார்வைக் கோபுரத்தில் ஏறி, சுரபுன்னைக் காட்டை மேலிருந்து காட்டினான். கீழே படகில் போகும் பிள்ளைகளைக் கயல்விழி வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள், மாமா பிள்ளைகள் ஏற்காடு போய் டென்ட்டில் தங்கினார்களாம், டென்ட்டுக்குள்ளேயே லைட் எல்லாம் இருந்ததாம் என்று. குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஐந்தாம் நாள் மத்தியானம் இளவரசு ஏரிக்குள் இறங்கினான். கரைக்குப் பக்கத்திலேயே ஒரு குழி, ஒன்றரை ஆள் ஆழம், காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதன் நாலு கழியையும் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான். லீவு முடிந்ததும் திரும்ப நட்டுவிடலாம் என்று நினைத்தான். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

புளிய மரத்தடியில் கழிகளை நட்டு, நெல் மூடும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா பழைய போர்வை ஒன்று கொடுத்தாள். "கடலூரு பொண்ணுக்குக் கரைமேல மாளிகையா?" என்று கேலி வேறு. இளவரசு துணிகளை அவிழ்க்கப் போனபோது கயல்விழிதான் தடுத்தாள்.

"இருக்கட்டும்பா. கொடி மாதிரி அழகா இருக்கு."

அந்த நாலு சிவப்புத் துணிக்குக் கீழே அப்பனும் மகளும் நுங்கு தின்றார்கள். அவள் தன் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னாள். ஏற்காட்டு டென்ட்டில் இந்தக் காத்து வந்திருக்காது என்றும் சொன்னாள். பதினெட்டு வருஷ வேலையில் அவன் வாங்காத சம்பளத்தை அன்று வாங்கினான்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் கோடை மழை கொட்டித் தீர்த்தது. வரத்து வாய்க்கால் ஓடி ஏரியில் முட்டிக்கு மேல் தண்ணீர் பரவியது. பிள்ளையோடு வீட்டுக்குள் தாயம் ஆடிக்கொண்டிருந்தவனுக்கு ஏரி நினைப்பே இல்லை. இத்தனை வருஷத்தில் மழை பெய்தும் அவன் ஏரியை மறந்த இரண்டு நாள் அவைதான்.

எட்டாம் நாள் காலையில் வெயில் அடித்தது. தாளில் அன்றைக்கு எழுதியிருந்தது நீச்சல். ஓரத்தில் தொடையளவு தண்ணீரில் அவளைக் கையில் ஏந்தி மிதக்க வைத்தான். பயம் தெளியட்டும் என்று கரையோரமாகவே சுற்றி இருபது அடி தள்ளிப் போய் நின்றுகொண்டு கையை நீட்டினான்.

"அப்பாகிட்ட நடந்து வா பாப்போம்."

சிரித்துக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று அடி. அடுத்த அடியில் அவள் இல்லை.

அலறவில்லை, கையாட்டவில்லை. இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் சுழித்தது. இளவரசுவின் கண் தானாகக் கரைக்குப் போனது. புளிய மரத்தடியில் நாலு சிவப்புத் துணிகளும் காற்றில் படபடத்தன.

எப்படிப் பாய்ந்தான் என்று அவனுக்குத் தெரியாது. கலங்கிய தண்ணீரில் கண் தெரியவில்லை. குழியின் அடியில் வண்டல் சேறு அவள் காலைக் கவ்விப் பிடித்திருந்தது. கைக்கு அகப்பட்டது பின்னல். அதைப் பிடித்து இழுத்தான். கரையில் போட்டு முதுகில் தட்டியபோது சேறும் தண்ணீருமாகக் கக்கினாள். பிறகு இருமினாள். பிறகு அழுதாள். 

ராஜாமணியின் மகன் பைக்கில் பக்கத்து டாக்டரிடம் போனார்கள். நெஞ்சில் தண்ணீர் தங்கவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, இன்று பூராவும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து போர்வைக்குள் சுருண்டுகொண்ட பிள்ளை, வெகுநேரம் கழித்து அவன் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"அப்பா. அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா அடுத்த வருஷம் அனுப்ப மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன்."

இளவரசு அவள் தலையைத் தடவினான். சரி என்று வாயால் சொல்லவில்லை. ராஜாமணியை அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனான். தார்ப்பாயை அவிழ்த்தான். நாலு கழியையும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, காலால் குழியின் விளிம்பைத் தடவித் தடவி ஒவ்வொன்றாக நட்டான்.

கழியை அடித்து இறக்கும்போது ஒன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு கார்த்திகை மாதம் அவன் கண் முன்னே வந்தது. அந்த வெள்ளத்தில் கரையில் ஒரு இடம் கசிந்தது. மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவனுக்குப் போன் வந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான பவானியைக் கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். கசிவை அடைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். வயிற்றிலிருந்த பிள்ளை இல்லை என்று ஆகியிருந்தது. ஏன் வரவில்லை என்று அவள் கேட்டபோது, "போன் செத்துப் போச்சு பவானி, சேதியே வரல" என்று சொன்னான். ஆறு வருஷம் அதை நம்பிக் குடித்தனம் செய்தாள். யாரோ பழைய கதை பேசும்போது உண்மை வெளியே வந்தது. நீ வராததைக்கூட மன்னித்திருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் வீட்டைவிட்டுப் போனாள்.

இப்போது அதே பொய்யை, அவனுக்காக, அவன் மகள் சுமக்கத் தயாராகிவிட்டாள். பதினோரு வயசில். அவன் தொடையளவு தண்ணீரில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான். ஏரியைத் தவிர பார்க்க யாருமில்லை.

கரையேறி, கை ஈரத்தைத் தார்ப்பாயில் துடைத்துவிட்டுப் பவானிக்குப் போன் போட்டான். ஒன்றையும் விடவில்லை. கழியைப் பிடுங்கியது தான், மழை பெய்தும் மறந்தது தான், குழிக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளையைக் கைநீட்டிக் கூப்பிட்டதும் தான் என்று வரிசையாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் போனை வைத்துவிட்டாள். 

பொழுது சாய்வதற்குள் கார் வந்துவிட்டது. பவானி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்த்தாள். அருள்முருகன் ஏதோ கத்த வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வாசலில் நின்ற இளவரசுவைக் கடந்து போகும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"இந்தத் தடவ போனு வேல செஞ்சிருக்கு."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். கயல்விழி காரின் பின் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டாம் என்று சொன்னேனே என்று கேட்கிற பார்வை. அலமாரியில் ஒட்டிய தாளில் இன்னும் இரண்டு வரி அடிக்காமல் இருந்தது. பலாத்தோப்பு வைத்திருக்கும் அண்ணாகிராமத்து நண்பனுக்குப் போன் செய்து, பலாப்பழம் வெட்ட வேண்டாம் என்று சொன்னான்.

ஜூன் மாதம் கடலூர் கோர்ட்டில் பிள்ளையைத் தனி அறைக்குள் அழைத்துப் பேசினார்கள். வெளியே பெஞ்சில் இளவரசு ஒரு கோடியிலும் பவானி மறுகோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். வந்த தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. பிள்ளைக்கு ஏரிப் பக்கம் போகப் பயம். கட்டாயப்படுத்த முடியாது. கோடை லீவு ஏற்பாடு ரத்து.

இளவரசு தலையாட்டினான். பிள்ளை சொன்னது நியாயம்தானே என்று வக்கீலிடம் அவனே சொன்னான். படி இறங்கும்போது ஒரு படியில் கால் வைக்கத் தெரியாமல் நின்றுவிட்டான். பின்னாலேயே வந்தாள் கயல்விழி.

"உன்கிட்ட வரப் பயமில்லப்பா. தண்ணின்னாதான் பயம். உள்ள அதத்தான் சொன்னேன். அவுங்க வேற மாதிரி எழுதிட்டாங்க."

அவன் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டான். பவானி இரண்டு படி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவள் வேறு எங்கோ திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் சில்வர் பீச்சுக்குக் காத்து வாங்கக் கூட்டியாருவேன். ஒரு மணி நேரம். கோர்ட்டு சொல்லி இல்ல, நானா சொல்றேன். பொய் கிய்யி எதாவது என் காதுல விழுந்துச்சுன்னா அதோட சரி."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இளவரசு இரண்டு பஸ் மாறிக் கடலூர் போகிறான். கடற்கரைக்குள் போகக் காசு கேட்க மாட்டார்கள். ஒரு பொட்டலம் சுண்டல் வாங்குவான். சாலை ஓரம், அலையிலிருந்து ரொம்ப தூரத்தில், மணலில் உட்கார்வார்கள். ஊரெல்லாம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, கயல்விழி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி, அப்பன் முகத்தைப் பார்த்து உட்கார்வாள். பவானி தள்ளி ஒரு சிமெண்ட் பெஞ்சில் இருப்பாள்.

பேச்சு நடுவே பிள்ளையின் தோள் திடீரென்று விறைக்கும். பின்னால் அலை இரைகிற சத்தம் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"அப்பா, எதுவரைக்கும் வந்திருக்கு?"

அவள் தோளுக்கு மேலாக இளவரசு கடலைப் பார்ப்பான். மதகுக்குள் தண்ணீர் அளவு பார்க்கிற அதே கண்ணால், அவசரப்படாமல் பார்ப்பான்.

"ஒரு எரநூறு அடி தள்ளி இருக்கும்மா."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். அதோ, திரும்பிப் போவுது."

தோள் தளரும். அவள் சுண்டலைத் தின்னத் தொடங்குவாள். அவன் கண்ணை எடுக்காமல் அடுத்த அலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.