ஓட்டு மேஸ்திரியும் சகலையின் பாராசூட்டும்

ஓட்டு மேஸ்திரி (1947–2014). பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. பணிக்கூடத்தில் அதைச் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. விண்ணிலிருந்து காற்றுமண்டலத்துக்குள் மீண்டு வரும் சோதனைக் கலத்தின் அடிப்புறத்தில் வெப்பக் காப்பு ஓடுகளை ஒட்டுவது அவர் வேலை. கலம் ஒன்றுக்கு இருநூற்றுப் பதினாறு ஓடுகள். பசை காய்ந்தபின் ஒவ்வொன்றையும் சிறு சுத்தியலால் தட்டி, உள்ளே வெற்றிடம் உண்டா என்று காது கொடுத்துக் கேட்பார்.

அவருடைய வயிற்றெரிச்சல் முழுவதும் ஒரே ஆள்மீது: சகலை. மனைவியின் தங்கை கணவர். இவரே சிபாரிசு செய்து வேலைக்குக் கொண்டுவந்தவர். பாராசூட் மடிக்கும் பிரிவில் சேர்ந்து ‘குடைக்காரர்’ என்று பெயர் வாங்கினார். முதல் சோதனையில் கலம் பத்திரமாகக் கடலில் இறங்கியபோது, தொலைக்காட்சி காட்டியதெல்லாம் விரிந்த பாராசூட்டைத்தான். குடைக்காரரின் புகைப்படம் அலுவலக வரவேற்பறைச் சுவரில் ஏறியது. கருகிய ஓடுகள் தண்ணீருக்குள் இருந்தன.

அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் மாமியார் கேட்டார்: “சின்ன மாப்பிள்ளையோடதைக் கண்ணால பார்த்துட்டோம். நீங்க ஒட்டினது எந்தப் பக்கம் இருந்துச்சு மாப்பிள்ளை?”

“அடியில.”

“அடியிலயா,” என்றவர், சின்ன மாப்பிள்ளையின் தட்டைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

இரண்டாவது சோதனை 1991இல். பாராசூட்டை மடிக்கும்போது மடிப்பு நழுவாதிருக்கப் பத்துத் தற்காலிக ஊசிகளைச் செருகுவார்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நாடா. முடிந்ததும் பத்தையும் உருவி, சுவர்ப் பலகையிலுள்ள பத்துக் கொக்கிகளில் மாட்ட வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் பாராசூட் விரியாது. செய்தவன் கண் தன் வேலையை எளிதில் நம்பிவிடும் என்பதால், வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவர் பலகையைப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்திடுவது விதி. அன்று மேஸ்திரியின் முறை.

வெளியே புகைப்படக்காரர் காத்திருந்தார். குடைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தார். பத்தும் உருவியாயிற்று, கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். மேஸ்திரி நாடாக்களை எண்ணினார், ஒன்பது. பத்தாவது கொக்கியில் தொப்பி. அதைச் சற்றே தூக்கிப் பார்த்தார். அடியில் ஒன்றுமில்லை.

தொப்பியை இருந்தபடியே விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். கலம் கல்லாக விழும். சுவரிலிருந்து படம் இறங்கும். மாமியார் வாயடைத்துப் போவார். அந்த ஒரு நிமிடம் தேனாக இனித்தது. பிறகுதான் உறைத்தது: கலம் சிதறி மூழ்கினால் இருநூற்றுப் பதினாறு ஓடுகளும் கூடவே மூழ்கும். அவை நின்றனவா, பெயர்ந்தனவா என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. சகலையைக் கவிழ்க்கத் தம் உழைப்பையும் சேர்த்துக் கவிழ்க்க அவருக்கு மனம் வரவில்லை.

“தொப்பியை எடு,” என்றார். “அதுக்கு அடியில என்ன தொங்குதுன்னு பாரு.”

குடைக்காரர் எடுத்தார், பார்த்தார், முகம் வெளிறியது. “அவன் உருவிட்டான்னு நெனச்சேன் அண்ணே,” என்றார், எதிர்ப்புறம் நின்ற கூட்டாளியைக் காட்டி. கூட்டாளியும் அவரைப் பற்றி அப்படியே நினைத்திருந்தான். மூன்று நாள் உழைத்து மடித்ததைப் பிரித்து, உள்ளே தங்கிய ஊசியை எடுத்தார்கள்.

கலம் மீண்டது, பாராசூட் விரிந்தது. குடைக்காரர் நல்லவர், அதுதான் தொல்லை. பார்த்தவரிடமெல்லாம் அண்ணன் கண்ணால்தான் பாராசூட் பிழைத்தது என்று மனதாரச் சொன்னார். மாமியாரும் முதன்முறையாக மேஸ்திரியைப் பாராட்டினார், பாராசூட்டுக்காக. மீட்டுவந்த கலத்தின் அடியில் மேஸ்திரி தனியே குனிந்து பார்த்தார். ஓர் ஓடும் பெயரவில்லை. அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில் அதற்கு ஒரு வரி கிடைத்தது.

அவர் கண்ணின் கூர்மையை மெச்சிய நிர்வாகம், இனி எல்லாப் பாராசூட்டுக்கும் அவரே சாட்சி என்று ஆணையிட்டது. பதினான்கு ஆண்டுகள், சகலையின் கையெழுத்துக்குக் கீழே தம் கையெழுத்தை இட்டுவந்தார். ஓய்வு பெறும்முன் கடைசியாக இட்டது 2005 ஆகஸ்ட் 11.