ஏரியிலிருந்து வராத மீன் வாடை

எங்கள் வீடு அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி இருக்கிறது. போன மழைக்காலத்தில் கேஸ் தீர்ந்துபோய், புது சிலிண்டர் வரும்வரை கரண்ட் அடுப்பில் சமைத்தேன். சமையலறை பிளக்கில் ஃப்ரிட்ஜ் இருந்ததால், ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துவந்து அதில் அடுப்பைச் சொருகினேன்.

மறுநாளே மீன் வாடை. நாங்களோ மீன் சமைப்பதில்லை.

"ஏரிக் காத்து இந்தாண்ட அடிக்குது. ஜன்னல சாத்திடு" என்றார் கணவர்.

சாத்தினேன். வாடை குறையவில்லை, கூடியது. சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மோப்பம் பிடித்துக்கொண்டு போனேன். அது என்னை அந்த பாக்ஸின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. அதன்மேல் ஜன்னல் திரை உரசிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பிளக் பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு கழற்றவே வரவில்லை.

"இதாங்க உங்க ஏரிக் காத்து" என்றேன்.

நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்று ஓயாமல் சொல்கிறவள். பாக்ஸின் அடியில் ஆறு ஆம்பியர் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை ஆறால் பெருக்கினால் 1380 வாட். அது தாங்குவது அவ்வளவுதான். அடுப்போ 2000 வாட். ஏறக்குறைய ஒன்பது ஆம்பியரை இழுத்திருக்கிறது. நான் சாம்பார் வைக்க, உள்ளே பிளாஸ்டிக்கும் வெந்திருக்கிறது. சிலவகை பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடைதான் அடிக்குமாம்.

இப்போது எதைச் சொருகுவதானாலும், அதன் வாட்டை 230-ஆல் வகுத்துப் பார்க்கிறேன். ஆறைத் தாண்டினால் பாக்ஸ் பக்கமே கொண்டுபோவதில்லை. மீன் வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவதுமில்லை. மெயினை அணைக்கிறேன்.