எங்கள் ஹத்தில் இல்லாத கொலை

மராட்டிப் போலீஸ்காரர்கள் வாயில் எந்நேரமும் புழங்குகிற சொல் ஒன்று உண்டு: ஹத். எல்லை என்று அர்த்தம். இந்தத் தெரு எந்த ஸ்டேஷனைச் சேர்ந்தது, இந்தப் பிணம் யார் தலையில் விழும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். "ஆம்சி ஹத் நாஹி", எங்கள் எல்லை இல்லை, என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், செத்தவன் எழுந்து வந்து கெஞ்சினாலும் அவர் நாற்காலியை விட்டு நகரமாட்டார். நானும் இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்லைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன்தான். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம் என்று சொல்லிக்கொள்வோமே தவிர, பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனேயில், கோர்படியில். அப்பா ஆர்டினன்ஸ் ஃபாக்டரியில் இருந்தார். நான் எப்படியோ போலீஸில் வந்து விழுந்தேன்.

கடைசியில் என்னை ஒருங்கிணைப்புப் பிரிவில் போட்டார்கள். கேட்பதற்குப் பெரிய பதவி மாதிரி இருக்கும். ஒரு கொலை நகரத்தில் ஆரம்பித்துக் கிராமப்புறத்தில் முடிந்தால், நகரப் போலீஸுக்கு ஒரு மேலதிகாரி, கிராமப்புறப் போலீஸுக்கு வேறொரு மேலதிகாரி. நடுவில் தண்டவாளம் வந்துவிட்டால் ரயில்வே போலீஸ் தனி. இவர்கள் எல்லோரையும் ஒரு மேஜையில் உட்கார வைத்து, யார் என்ன செய்யவேண்டும் என்று எழுதி, செய்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பது என் வேலை. யாரையும் கைது செய்யவோ ஒரு துரும்பைக் கைப்பற்றவோ எனக்கு உரிமை கிடையாது. "நீங்க போலீஸ் இல்ல, போஸ்ட்மேன்" என்பாள் என் மனைவி. நான் சிரிப்பேன். அந்த வழக்கு வந்தபிறகு அவளும் அதைச் சொல்வதில்லை, நானும் சிரிப்பதில்லை.

அந்த அக்கா முதலில் வந்தது ஆள் காணவில்லை என்ற புகாரோடு. ஐம்பதை ஒட்டிய வயது. கோர்படியில் ராணுவச் சீருடை தைக்கிற கடை ஒன்றில் தோள்பட்டிகள் தைப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போனபிறகு தம்பியை ஆளாக்கியது அவள்தான். அந்தத் தம்பி நாற்பது வயது ஆள், அவனும் கல்யாணம் ஆகாதவன், லோஹேகாவ் விமான நிலையத்தில் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். விஷ்ராந்த்வாடியில் ஒரு சவாரியை இறக்கிவிட்டேன், சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று போனில் சொன்னவன், வரவில்லை. புகார் வாங்கிய ஸ்டேஷனில் இருந்து எனக்குப் போன். "ஹிந்தியில் ஆரம்பித்துத் தமிழில் அழுகிறாள், நீங்கள் வந்து கேளுங்கள்" என்றார்கள். போனேன்.

"சார், சொல்லாம ஒரு வேள சோறு தப்பினவன் கெடையாது சார் அவன்" என்றாள். "குடிக்க மாட்டான். எங்கனா லேட்டானா உடனே போன் பண்ணிடுவான். இப்ப ஏக்தம் ஸ்விட்ச் ஆஃப் வருது."

"கண்டுபிடிச்சிடலாங்கா. நீங்க தைரியமா போங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மூன்றாம் நாள் நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு கரும்புக்காட்டு ஓரத்தில் கார் கிடைத்தது. அது கிராமப்புறப் போலீஸின் ஹத். அதற்கு முந்தின நாளே, வேறு திசையில், தண்டவாளத்தின் பக்கத்தில் ஓர் உடல் கிடைத்திருக்கிறது. ரயில்வே போலீஸ் அதை 'ரயிலில் அடிபட்டவர், அடையாளம் தெரியாதவர்' என்று எழுதி வைத்துவிட்டது. இந்த இரண்டு காகிதங்களும் இரண்டு அலுவலகங்களில் தனித்தனியாகக் கிடந்தன. ஒரு வாரம் கழித்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது: ரயில் மேலே ஏறுமுன்பே கழுத்தை நெரித்திருக்கிறார்கள். அன்றுதான் நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்காவின் புகாரில் எழுதியிருந்த சட்டையும் பிணத்தின் மேல் இருந்த சட்டையும் ஒரே நிறம். அக்காவைப் பிணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை, கால் விரல்களைப் பார்த்தாள், "இவன்தான் தம்பி" என்றாள். அதுவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து என்னையும் தம்பி என்றுதான் கூப்பிட்டாள்.

அதற்குள் எனக்கு நல்ல சாட்சி ஒன்று கையில் கிடைத்திருந்தது. போன் கடைசியாக எங்கே இயங்கியது என்று பார்த்து, எங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் விஷ்ராந்த்வாடியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் விசாரித்திருந்தார். அங்கே பெட்ரோல் போடுகிறவனுக்குக் காரை நினைவிருந்தது. டாங்க் நிரப்பும்போது ஒரு ஆள் நடந்து வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தானாம். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே போனார்களாம். ஆள் எப்படி இருந்தான் என்றால், "எல்லாரையும் போலத்தான் சாப்" என்றானாம். சரி, அவனுக்கு நினைவில்லாவிட்டால் என்ன? பங்க்கில் தலைக்கு மேலே கேமரா இருக்கிறதே!

மூன்று போலீஸையும் கூட்டினேன். அடடா, அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ரயில்வே அதிகாரி சொன்னார்: உடல் மட்டும்தான் எங்களிடம், கொலை எங்கேயோ நடந்திருக்கிறது. நகர அதிகாரி சொன்னார்: ஆள் காணாமல் போனது மட்டும்தான் எங்களிடம், கொலை எங்கள் ஹத்தில் நடந்தது என்று யார் சொன்னது? கிராமப்புற அதிகாரி பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, வெறும் காரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றார். கண்டுபிடிக்கப்படாத கொலை ஒன்று தங்கள் வருஷாந்திரக் கணக்கில் ஏறக்கூடாது, அவ்வளவுதான் மூன்று பேருக்கும் கவலை. இரண்டு மணி நேரம் ஒரு மனிதனைப் பந்தாடினார்கள். நான் ஒவ்வொருவரையும் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப் போய்க் கெஞ்சினேன், குழைந்தேன். கடைசியில் கிராமப்புற அதிகாரி மசிந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "கேஸ் என்னுடையது என்றால் சாட்சியமும் என்னுடையது. என் ஆள் தவிர வேறு எவனும் தொடக்கூடாது. பங்க் கேமரா ஃபுட்டேஜை நானே கடிதம் போட்டு வாங்கிக்கொள்வேன்."

சரி என்றேன். உடனே சரி என்றேன், அதுதான் விஷயம். ஒரு கேஸை ஒரு கையில் சேர்த்துவிட்ட சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை எனக்கு. கூட்டக் குறிப்பில் அதை அழகாக எழுதி மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். மேலதிகாரி தோளில் தட்டினார்.

அந்தப் பங்க் என் வீட்டுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. என் ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்காக அங்கேதான் பெட்ரோல் போடுகிறேன். கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் போனபோது மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நல்ல மனிதர். "சாஹேப், அந்தக் கார் விஷயம். உள்ளே வாருங்கள், காட்டுகிறேன். பென் டிரைவில் போட்டும் தருகிறேன்" என்று மராட்டியில் சொன்னார். நான் ஸ்கூட்டரை விட்டு இறங்கக்கூட இல்லை. "வேண்டாம், முறையாகக் கடிதம் வரும். அதுவரை அழித்துவிடாதீர்கள்" என்றேன். "நான் எங்கே அழிக்கிறேன் சாஹேப், ஒரு மாதம் ஆனால் மெஷினே மேலே மேலே பதிந்துகொள்ளும்" என்றார். "அதற்குள் வந்துவிடும்" என்றேன்.

பார்க்கவாவது செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் என்னையே கேட்காத நாள் இல்லை. பார்த்தால் நான் சாட்சி ஆகிவிடுவேன், உன்னை யார் பார்க்கச் சொன்னது என்று அந்த அதிகாரி குதிப்பார், கஷ்டப்பட்டு ஒட்டவைத்தது உடைந்துவிடும் என்று அப்போது எனக்குள் ஆயிரம் நியாயம். அத்தனையும் சட்டப்படி சரியான நியாயம். ஒரு கொலைகாரனின் முகம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது, நான் மரியாதையாக வெளியே நின்றேன். தூ!

கடிதம் புறப்பட்டது. கிராமப்புற ஸ்டேஷனில் இருந்து அவர்கள் மேலதிகாரிக்கு, அங்கிருந்து நகரத்து மேலதிகாரிக்கு, அங்கிருந்து பங்க் இருக்கும் ஸ்டேஷனுக்கு. அந்தச் சமயம் பார்த்து ஸ்டேஷன் எல்லைகளை மாற்றி எழுதியிருந்தார்கள். கடிதம் பழைய ஸ்டேஷனுக்குப் போய், இது எங்கள் ஹத் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. நான் இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். என் அட்டவணையில் 'ஃபுட்டேஜ்' என்ற வரிக்கு நேராக 'நடவடிக்கையில் உள்ளது' என்று எழுதினேன். நடுவில் இரண்டு தரமோ மூன்று தரமோ அதே கேமராவுக்குக் கீழே நின்று பெட்ரோல் போட்டேன். மேனேஜர் கண்ணாலேயே கேட்பார். நான் கையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன்.

கான்ஸ்டபிள் கடிதத்தோடு போய் நின்றபோது ஒரு மாதம் தாண்டி ஐந்து நாள். மெஷினில் அந்த மத்தியானத்தின் மேல் வேறொரு மத்தியானம் பதிந்திருந்தது. தடய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தோம், ஒன்றும் தேறவில்லை. பெட்ரோல் போட்டவனிடம் விதவிதமான புகைப்படங்களைக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் "இருக்கலாம் சாப்" என்றான். அவனும் என்ன செய்வான்.

ஒன்றரை வருஷம் போலக் கேஸ் உயிரோடு இருப்பதாகப் பேர். பிறகு முடித்துவிட்டார்கள். இங்கே அதற்கு 'ஏ சம்மரி' என்று பெயர். குற்றம் நடந்தது உண்மை, செய்தவன் யாரென்று தெரியவில்லை என்று அர்த்தம். புகார் கொடுத்தவருக்கு ஒரு நோட்டீஸ் போகும், மராட்டியில். அக்காவுக்கு மராட்டி பேச வரும், படிக்க வராது. போன் செய்தாள். "தம்பி, கோர்ட்டுலருந்து காயிதம் வந்துகீது. பிடிச்சிட்டாங்களா? வந்து பட்ச்சி சொல்லேன்."

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகாமல் இருந்திருக்கலாம். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். ஒற்றை அறை, தையல் மெஷின், பச்சைத்துணி வெட்டுகள். நோட்டீஸை வாசித்துத் தமிழில் சொன்னேன். முகம் தெரியாததால் முடித்துவிட்டார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. பங்க்கைச் சொன்னேன், மேனேஜர் கூப்பிட்டதைச் சொன்னேன், ஸ்கூட்டரை விட்டு இறங்காததைச் சொன்னேன். "நான் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்கா. தப்பு என் மேலதான்" என்றேன். திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் திட்டவில்லை. நோட்டீஸை நாலாக மடித்தாள்.

"சிரிச்சிகினு ஏறினான்னு சொன்னாங்கல்ல தம்பி. அப்ப அவனுக்குத் தெரிஞ்சவன்தானே? தெரியாதவன் கூட அவன் சிரிக்க மாட்டான்."

"ஆமாங்கா. அப்படித்தான் இருக்கணும்."

"நான் யார் வூட்டுக்கும் இப்ப போறதில்ல. யாரையும் வூட்டுக்குள்ள வுடறதும் இல்ல. சொந்தக்காரங்க, அவன் சிநேகிதக்காரங்க, ஸ்டாண்டுல காடி ஓட்டறவங்க, எல்லாரும் வந்து கதவ தட்டுவாங்க. பாவம், நல்லவங்களாத்தான் இருப்பாங்க. நான் மூஞ்சியப் பாப்பேன், இவனோன்னு இருக்கும். தொறக்க மாட்டேன். எனக்கு ஒரு மூஞ்சி தெரிஞ்சிருந்தா மத்தவங்க எல்லாம் எனக்கு மிஞ்சி இருப்பாங்க தம்பி."

தம்பியை இழந்தவளுக்கு மிச்சமிருந்த ஊரையும் உறவையும் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்பது அதுவரை என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

"அவன் காரியத்தன்னிக்கு எல்லாருக்கும் என் கையால எல போட்டு சோறு போட்டேன். ஒருத்தர் வுடல. இன்னும் கொஞ்சம் வாங்கிக்க, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கன்னு கேட்டுக் கேட்டுப் போட்டேன். அதுல அவனக் கொன்னவனும் குந்தினு சாப்பிட்டானா தம்பி? அத மட்டும் சொல்லு."

அந்தப் பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தேன். என் பக்கத்து இலையில் யார் இருந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.