மூப்பரின் இடது கை

வளைந்த ஆணியைக் கருங்கல் துண்டின்மேல் கிடத்தி, சுத்தியலால் மெல்லத் தட்டி, உருட்டிப் பார்த்து, மறுபடியும் தட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் தாசையன். நேராகிவிட்டது என்று மனசுக்குப் பட்டால் தகர டப்பாவில் போடுவார். சாலைக் கடைத்தெருவில் அழகியநம்பியா பிள்ளையின் இரும்புக் கடையில் புது ஆணி சாக்குச் சாக்காகக் கிடக்கிறது. சரக்குப் பெட்டி உடைக்கும்போது உதிர்கிற பழைய ஆணியை நிமிர்த்தித் தரும்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர் பதினெட்டு வருஷமாக நிமிர்த்துகிறார்.

தட்டுகிறபோதே பிரசங்கமும் நடக்கும்.

"ஆணி தானா நிமிருமா, சொல்லும் பாப்போம். தலகீழா நின்னாலும் நிமிராது. அடிக்கவன் அடிக்கணும். மனுசனும் அப்படித்தான் கேட்டீரா. நம்ம கிரியை ஒரு மண்ணுக்கும் ஒதவாது. எல்லாம் கிருபை. விசுவாசிச்சாப் போரும், அவரு நம்மள நீதிமான்னு எண்ணிக்கிடுவாரு."

பிள்ளை நெற்றியில் பளிச்சென்று நாமம் இட்ட மனிதர். "வேய் தாசையா, வடகலை தென்கலைன்னு எங்களுக்குள்ள இந்த வழக்கு தொடங்கித் தலமுறை தலமுறையா ஆச்சு. கொரங்குக்குட்டி தாய எறுக்கிப் பிடிக்கணும். பூனக்குட்டிக்கு அந்தச் சோலியே இல்ல, தாய்ப்பூன கவ்வித் தூக்கிட்டுப் போவும். உமக்கு வாயி பூனக்குட்டி, கையி கொரங்குக்குட்டி."

தாசையன் அடுத்த ஆணியை எடுத்தார்.

பிள்ளை சொன்னதில் பிழையில்லை. யாராவது தாசையனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தால், தம் கிளாஸைத் தாமே கழுவுவார். பிறகு கூட இருந்தவர்களின் கிளாஸையும் பிடுங்கிக் கழுவுவார். நாகர்கோவில் பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தால், கொடுத்தவரின் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டு ஸ்ரீகண்டன் நாயர் ஒரு தடவை பாதிப் பலாப்பழம் கொடுத்தனுப்பினார். மறுநாள் விடிவதற்குள் நாயர் வீட்டு வேலி பிரித்துப் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. வேலி நன்றாகத்தான் இருந்தது. அன்று முதல் நாயர் வீட்டில் பலாப்பழம் அறுப்பது கதவைச் சாத்திக்கொண்டுதான்.

தமிழ்ச் சபையில் அவர் மூப்பர். நற்கருணைப் பந்தியில் சேர விரும்புகிறவர்களைக் கேள்வி கேட்டுத் தேறவைப்பது அவர் பொறுப்பு. கேள்வி ஒன்றே ஒன்று: "மோட்சம் போக நீ என்ன செய்யணும்?" ஒன்றும் செய்ய வேண்டாம், விசுவாசித்தால் போதும் என்பது விடை. வேறு என்ன சொன்னாலும் அடுத்த வருஷம்.

சாலையில் மூட்டை சுமக்கும் பிச்சையா, தம்பானூருக்கு ரயில் வந்த வருஷம் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு வந்து நின்றார்.

"சொமக்கணும், மூப்பரே."

"எத?"

"எதத் தந்தாலும். சொமந்தவனுக்குத்தான கூலி?"

"இது கூலி இல்லவே. சும்மா குடுக்கது. அடுத்த வருசம் வாரும்."

மறுவருஷம் பிச்சையா யோசித்துக்கொண்டே வந்திருந்தார். "சும்மா குடுத்தா நீரு வாங்குவீரா, மூப்பரே?"

"அடுத்த வருசம் வாரும்," என்றார் தாசையன், தேவைக்கு மேல் சத்தமாக. பிச்சையாவுக்கு வயது அறுபத்தெட்டு. அந்த வயதில் அடுத்த வருஷம் என்பது லேசான மூட்டை அல்ல. ஆனாலும் வாரந்தவறாமல் சபைக் கோயிலுக்கு வந்து, மற்றவர்கள் பந்திக்கு எழுந்து போகும்போது கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

சபையில் வருஷத்துக்கு ஒரு நாள் அசனம். வீடுவீடாக எடுத்துவைத்த கைப்பிடி அரிசியைப் பொங்கி, ஆட்டுக்கறி வைத்து, வந்தவர் யார் என்று கேட்காமல் பாய் விரித்து உட்காரவைத்து இலை போடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சோறு நிறைத்த ஓலைக் கடவத்தைத் தூக்கினவர் தாசையன். பந்தியில் உட்கார்ந்ததில்லை. கூப்பிட்டால், "நமக்கு அடுப்படியில ஆச்சு" என்பார்.

இந்த வருஷம் அசனத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஏணியை ஒருவருக்கும் கொடுக்காமல் தாமே ஏறித் தோரணம் கட்டினார், தாமே விழுந்தார். வலது மணிக்கட்டு போயிற்று. வைத்தியர் முட்டையும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, "நாப்பது நாள் ஒரு துரும்பத் தூக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டார்.

அசனத்தன்று இடது கையால் ரச வாளியைத் தூக்கினார். "எடது கையாலயா மூப்பரே விளம்புவாவ?" என்று பெண்கள் பறித்துக்கொண்டார்கள். இலை அடுக்கப் போனார், அடுக்கியாயிற்று. காக்கை விரட்டப் போனார். அதற்கும் ஆள் இருந்தது. கடைசியில் போதகர் அவர் தோளைப் பிடித்து அழுத்திப் பந்தியின் ஓரத்தில் உட்காரவைத்தார். பக்கத்து இலை பிச்சையா.

சோறு வந்தது. கறி வந்தது. கட்டுப்போட்ட வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் கிடந்தது. ஊர்ப்பந்தியில் இடது கையால் உண்பது எந்த வேதத்திலும் நடவாது. சும்மா இருக்கத் தெரியாத அந்த இடது கை இலை நுனியை நீவிற்று. உப்பை ஓரம் கட்டிற்று. பிச்சையாவின் இலைமேல் உட்கார்ந்த ஈயை ஓட்டிற்று.

பிச்சையா அதைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தாசையனின் இலையில் சோற்றையும் கறியையும் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி நீட்டினார்.

"வேண்டாம்வே. நீரு தின்னும். நான் பொறவு..."

"சோறு ஆறுது."

பசி பொல்லாதது. தாசையன் முன்னால் குனிந்து, கவளத்தை நோக்கிப் பாதி தூரம் தம் வாயைக் கொண்டுபோனார். பிச்சையா கையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார்.

"நீரு எதுக்கு வாறீரு? நான்தான கொண்டாறேன்."

"அப்பம் நான் என்னவே செய்யணும்?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவருக்கு உறைத்தது. பந்தியிலும் சிலருக்கு உறைத்தது. மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. பிச்சையா அவசரப்படவில்லை. தலைச்சுமையைச் சரியாக அமர்த்திக்கொள்கிறவரைப் போல ஒரு தரம் கழுத்தை அசைத்தார்.

"ஒண்ணும் செய்யாண்டாம், மூப்பரே."

கவளம் அந்தரத்தில் நின்றது. தாசையனின் இடது கை மறுபடியும் இலை நுனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்திழுத்துத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்தார்.