பேனுக்கும் சொந்தம் உண்டு

எனக்கு இரண்டு மொழிகள்மேல் பொறாமை. ஒன்று பிலிப்பைன்ஸ்காரர் பேசும் தகாலோக். மற்றது நியூசிலாந்தின் மாவோரி. இரண்டிலும் எனக்கு ஒரு வசனம்கூடப் பேசத் தெரியாது. ஆனால் இரண்டையும் நினைத்தாலே வயிறு எரிகிறது.

இல்ஃபோர்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே எனக்கென்று இருந்த ஒரே தோழி ஒரு பிலிப்பைன்ஸ்காரி. எங்களைச் சேர்த்து வைத்தது கருவாடு. ஊழியர் சமையலறையின் மைக்ரோவேவில் கருவாட்டைச் சூடாக்கும் துணிச்சல் அந்தக் கட்டடத்தில் எங்கள் இருவருக்கும்தான் இருந்தது. மனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறப்பார். நாங்கள் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவோம். பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். இருவருக்கும் அது இரவல் ஆங்கிலம் என்பதால் பிழை பிடிக்க ஆளில்லாமல் நிம்மதியாகப் பேசினோம்.

போன குளிர்காலத்தில் ஒரு மாவோரிப் பெண் வேலைக்கு வந்தாள். நல்ல உயரம், பெரிய சிரிப்பு. ஒரு நாள் காலை மூவருமாக ஒரு மூதாட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தோம். என் தோழி மூதாட்டியின் கண்ணைத் துடைத்தபடி தன்பாட்டில் "மத்தா, மத்தா" என்று முணுமுணுத்தாள். மாவோரிக்காரி துவாயைக் கீழே போட்டுவிட்டாள்.

"கண்ணையா சொல்கிறாய்? எங்களுக்கும் அது மத்தாதான்!"

அன்றைக்குத் தொடங்கியது. ஐந்துக்கு இவள் லிமா என்றாள், அவள் ரிமா என்றாள். எட்டுக்கு வாலோ, வாரு. வானத்துக்கு லங்கித், ரங்கி. கடலில் அவ்வளவு தூரம் போகும்போது வால் எழுத்து கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டதாக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பேனுக்கு ஒருத்தி குத்தோ, மற்றவள் குத்து. பேனுக்குக்கூட அங்கே சொந்தம் இருக்கிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீருக்கு இவள் தூபிக், அவள் வை என்று ஒட்டாமல் போன நாளில் எனக்கு இரட்டிப்புப் பசி எடுத்தது. அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. இரண்டு மொழியிலும் வசனத்தின் தலையிலேயே வினைச்சொல் வந்துவிடுமாம், அதைக் கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தமிழிலோ வந்தானா போனானா என்று அறியக் கடைசி வரைக்கும் காத்துக்கிடக்க வேண்டும்.

பிறகு அந்த மூதாட்டி இறந்தார். கட்டிலின் அந்தப் பக்கம் நின்று என் தோழி "தங்கிஸ்" என்றாள், அழுகை என்று. "எங்களுக்குத் தங்கி" என்று மற்றவள் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் நின்று சுருக்கமில்லாத விரிப்பை நீவிக்கொண்டிருந்தேன். எனக்கும் துக்கம்தான். ஆனால் அந்தக் கைதான் கண்ணை உறுத்தியது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவருக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

"எல்லா மொழிக்கும் தாய் எங்கட தமிழ்தான். போய்ச் சொல்லும் அவையளுக்கு."

"தாயெண்டா ஏன் ஒரு பிள்ளையும் வந்து எட்டிப் பாக்குதில்லை?" என்று கேட்டேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த எரிச்சலில்தான் மலையாளப் பெண்ணின் ஞாபகம் வந்தது. எங்கள் இல்லத்திலேயே மேல் மாடியில் வேலை செய்பவள், என்னைவிட இளையவள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிரீன் ஸ்ட்ரீட் கடைகளில் நான் வாய் திறந்தால் போதும், இந்தியத் தமிழர்கள் "நீங்க மலையாளமா?" என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தாளுக்கு அதைவிட வேறு அவமானம் வேண்டாம். "தமிழ்தான். உங்கட தமிழைவிட நல்ல தமிழ்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வருவேன். அதற்காகவே இந்தப் பெண்ணோடும் நான் இத்தனை நாள் ஒட்டவில்லை. இப்போது நானே போய் அவள் கையைப் பிடித்து, அந்த இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமையலறைக்குக் கூட்டி வந்தேன்.

"எங்களுக்கும் ஆக்கள் இருக்கினம், பாருங்கோ" என்ற எண்ணத்தோடு என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். "கண்ணு" என்றாள் அவள். மூக்கைத் தொட்டேன். "மூக்கு." ஐந்து விரலை விரித்தேன். "அஞ்சு." தலையைச் சொறிந்தேன். "பேன்!" எல்லாமே சரி. வெற்றியோடு என் தோழியைப் பார்த்தேன்.

அவள் மரியாதையாகச் சிரித்தாள். "நல்லது. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் பக்கத்து வீடுதானே?"

மாவோரிக்காரி தலையாட்டினாள். பிறகு இருவரும் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆனால் மலையாளப் பெண் நான் செய்ததை விளையாட்டாக எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மேல் மாடியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். தினமும் ஒரு சொல் கொண்டுவருவாள். சேச்சி, சேச்சி என்று அக்காவாகவே கூப்பிட்டாள். மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தாள். நான் "ஓம், எங்களுக்கும் அப்பிடித்தான்" என்று வாயால் சொல்லிக்கொண்டு, கண்ணை அவர்கள் இருவரும் இருக்கும் யன்னலோரத்து மேசையில் வைத்திருப்பேன்.

போன கிழமை அவள் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிப் பாதியில் நிறுத்தினாள். நான் கவனிக்கவில்லை. நாடியை உயர்த்தி யன்னலோரத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னாள்.

"சேச்சி, எனிக்கு அசூயயா."

ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. அசூயை எங்களுக்கும் பொறாமைதான். அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் இருவரும் கைதட்டிக் கத்தினார்கள். இன்னொரு சொல் அகப்பட்டுவிட்டது. என்ன சொல் என்று திரும்பிக் கேட்க எனக்கு நாக்குத் துடித்தது.